லினக்ஸ்காரர்களின் மனு

மாவட்டம் பிரிந்து விழுப்புரத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வந்த 1993-ஆம் ஆண்டில் நான் அங்கே இளநிலை உதவியாளராக வேலையில் சேர்ந்தேன். வீடு திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புவது அன்று தொடங்கிய பழக்கம். என் வேலையில் பெரும்பகுதி மனுக்கள்தான். திங்கட்கிழமைகளில் மக்கள் கொண்டுவரும் மனுவை வாங்கிப் பார்த்து, எண் போட்டு, உரிய துறைக்கு அனுப்ப வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் மனுக்களோடு இருந்தவள், தன் மகள் தயாரித்த ஒரு மனுவைத் தானே கெடுத்தாள். அது எப்படி நடந்தது என்று எழுதிப் பார்க்கிறேன்.

நான் இயல்பிலேயே பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, ரயிலடி வரை போனவள் திரும்பி ஓடிவந்ததுண்டு. மகள் பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் தெருமுனையில் நிற்பேன். இந்தப் பயம் எங்கள் வீட்டில் பல விதிகளைப் போட்டது. அவற்றில் இரண்டுதான் இந்தக் கதைக்கு வேண்டியவை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி வந்தது. அதைத் திறந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: விண்டோஸா, லினக்ஸா? இரண்டும் கணினியை இயக்கும் இயங்குதளங்கள், லினக்ஸ் இலவசம். அவள் வகுப்பில் யாரும் இரண்டாவதைத் தொட்டதில்லை. அவளும் தொடவில்லை. சில மாதங்களில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து யாரோ கொடுத்த பென்டிரைவ் வழியாக வைரஸ் ஏறி, விண்டோஸ் பக்கம் திறக்காமல் நின்றுவிட்டது. கணினி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர், "விண்டோஸ் காப்பி போட்டுத் தர்றேன் மேடம், அர மணி நேரத்துல வாங்கிக்கினு போயிடுங்க. திண்டிவனத்துல பாதி வூட்ல அதான் ஓடுது" என்றார்.

அது சட்டப்படி சரியா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "போலீசு வந்து உங்க லேப்டாப்பத் தொறந்தா பாக்கப்போவுது?"

போலீசு என்ற சொல்லே எனக்குப் போதும். மடிக்கணினியைப் பையில் வைத்து எடுத்து வந்துவிட்டேன். அன்றுதான் அந்த இரண்டு விதிகளும் வந்தன. திருட்டுக் காப்பி எதுவும் இந்த வீட்டில் ஓடக் கூடாது. பென்டிரைவ் என்ற ஒன்று வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது.

மகள் வேறு வழியில்லாமல் லினக்ஸ் பக்கத்தைத் திறந்தாள். இணையத்தில் பார்த்துப் பார்த்து அதைப் புதுப்பித்தாள், கற்றுக்கொண்டாள். பின்னாளில் அவளைப்போல் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் சுதந்திர மென்பொருள், கொள்கை என்றெல்லாம் பேசியதை அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு லினக்ஸ் வந்தது கொள்கையால் அல்ல, என் பயத்தால்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அவள் ஒரு விளையாட்டு கேட்டாள். வெளிநாட்டில் ஆறேழு பேர் சேர்ந்து நடத்திய சின்ன நிறுவனம் செய்தது. ரயில் பாதை போட வேண்டும், சிக்னல் வைக்க வேண்டும், வண்டிகள் முட்டிக்கொள்ளாமல் விட வேண்டும். ஒரே வரைபடத்தில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து விளையாடலாம். லினக்ஸிலும் ஓடும்படி அவர்களே செய்திருந்தார்கள். அந்த மடிக்கணினியின் சக்திக்கு ஓடக்கூடிய எளிய படங்கள். என் வங்கி அட்டையில், என் மின்னஞ்சலில், என் பெயரில் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிவிட்டு ஒரு மாதம் வரை வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் இரண்டு முறை படித்தேன்.

அவள் கல்லூரியும் விழுப்புரத்தில்தான். இருவரும் ஒரே பாசஞ்சரில் போனோம். பேரணி ஸ்டேஷனில் வண்டி காரணம் இல்லாமல் நின்றால் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவள், "எதிர்ல எக்ஸ்பிரஸ் வருதும்மா. அதுக்கு வழி விடறதுக்கு நம்மள லூப் லைன்ல போட்டுட்டாங்க" என்பாள். நான் அத்தனை ஆண்டு போய்வந்த பாதையை அவள்தான் எனக்கு விளக்கினாள்.

அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு மன்றம் இருந்தது. அதில் லினக்ஸ்காரர்களுக்குத் தனிப் பகுதி. ஒலி வரவில்லை, திரை உறைந்துவிட்டது என்று எழுதுவார்கள். மகள் அந்தக் குறைகளைப் பிரித்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எந்தக் கணினியில் எப்போது வருகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுப்பாள். நிறுவனத்தில் இருந்த ஒரு நிரலாளர் இரண்டு மூன்று நாளில் சரிசெய்துவிட்டுப் பதில் எழுதுவார். இதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். இல்லை. சான்றிதழாவது? இல்லை. அப்புறம் எதற்கு என்றேன்.

"நம்ம சொன்னா சரி பண்றாங்கம்மா" என்றாள்.

மனு வாங்கும் வேலையில் இருப்பவளுக்கு அந்தப் பதில் புரியாமல் போகாது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அவள் மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது அந்தச் சின்ன நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பெரிய நிறுவனம் ஏற்கெனவே பல விளையாட்டு நிறுவனங்களை வாங்கியிருந்தது. விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை ஒன்றும் அதற்குச் சொந்தம். விளையாடுகிறவர்களுக்கு எதுவும் மாறாது என்று அறிவிப்பு வந்தது. மகள் அதைச் சாப்பிடும்போது சொன்னாள். என் கணவர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டியில் எடை போடும் பொறுப்பில் இருந்தார். அவர் சோற்றிலிருந்து கையை எடுக்காமலே, "எங்க மண்டியிலயும் இதான் சொன்னாங்க" என்றார்.

அவர் சொன்னது இது. முன்பு பக்கத்துப் பக்கத்தில் நான்கு மண்டிகள் இருந்தன. ஒருவரே மற்ற மூன்றையும் வாங்கினார். முதல் பருவத்தில் பெயர்ப்பலகையைக்கூட மாற்றவில்லை. அதே ஆட்கள், அதே தராசு. இரண்டாம் பருவத்தில் ஒலக்கூர்ப் பக்கமிருந்து ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்காகத் தராசு வைத்து ஆள் போட்டால் கட்டுப்படியாகவில்லையாம். முன்பென்றால் இவர்கள் அடுத்த மண்டிக்குப் போவார்கள். இப்போது அடுத்த மண்டியும் அவருடையதுதான்.

"நீ அந்த ஒரு மூட்டக்காரிதான்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லப்பா. அவங்க மூட்டயத் திருப்பி எடுத்துக்கினு போயிடுவாங்க. நாங்க காசு குடுத்து வாங்கி வூட்ல வெச்சிருக்கறதே ஓடாம போயிடும்."

அவர், "அப்ப அது இதவிட பேஜாரு" என்று எழுந்து கைகழுவப் போனார்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. சில மாதங்களில் இரண்டாவது அறிவிப்பு. அடுத்த ஆண்டிலிருந்து லினக்ஸில் விளையாட்டு ஓடாது, விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்த மன்றத்தையும் மூடுகிறார்கள். காரணம், லினக்ஸில் விளையாடுகிறவர்கள் கொஞ்சம் பேர். ரயிலில் மகள் எனக்கு விளக்கினாள். பெரிய நிறுவனத்தின் கடையே லினக்ஸில் திறக்காது. அது வாங்குகிற ஒவ்வொரு நிறுவனமும் லினக்ஸை விட்டு வெளியே வந்துவிடும். விளையாட்டு இல்லையென்றால் லினக்ஸுக்கு ஆள் வராது. ஆள் இல்லையென்று சொல்லி விளையாட்டு செய்ய மாட்டார்கள். லினக்ஸுக்கென்று தனியாகச் செய்து பிழைத்த சின்ன நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விற்றுப்போனால் கடைசியில் ஒரே கடைதான் மிஞ்சும். அவள் கோபமாகச் சொல்லவில்லை. தேர்வுக்குப் படித்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் பெரிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்தையும் வாங்க முனைந்தது. அது இன்னும் பெரிய வியாபாரம். இதனால் வியாபாரப் போட்டி கெடுமா என்று அந்த நிறுவனத்தின் நாட்டில் அதற்கான அரசு ஆணையம் ஆராய்ந்தது. பாதிக்கப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் குறிப்பிட்ட நாளுக்குள் கருத்து எழுதலாம் என்று கேட்டிருந்தார்கள். போன முறை வாங்கியபோது எங்களுக்கு என்ன ஆனது என்று எழுதப்போகிறோம் என்றாள் மகள்.

நான் பெருமைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் தொழிலறிவை அள்ளிக் கொடுத்தேன். "இணைப்பு வெக்காத மனுவ யாரும் ரெண்டாவது தடவ படிக்க மாட்டாங்க. நீ சொல்றதுக்கு என்ன ஆதாரம் இருக்குதோ எல்லாத்தையும் பின்னாடி கோத்து வை" என்றேன்.

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். லினக்ஸுக்குத் தொடர்ந்து செய்வோம் என்று சின்ன நிறுவனம் எழுதியிருந்த பழைய அறிவிப்புகளைப் படமெடுத்து வைத்தாள். மன்றத்தில் இருந்தவர்களிடம் ஆளுக்கொரு கடிதம் கேட்டாள். எப்போது வாங்கினீர்கள், எந்தக் கணினி, ஏன் விண்டோஸுக்குப் போக முடியாது என்று அவரவர் வார்த்தையில். அறுபது பேர் எழுதினார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டு, பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை வைத்து நேர அட்டவணை சொல்லிக் கொடுத்தாராம். இன்னொருவர் படுக்கையிலேயே இருப்பவர். தன் கைக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள லினக்ஸில்தான் முடிகிறதாம். விக்கிரவாண்டி தாண்டும்போது ஒன்று, முண்டியம்பாக்கம் வருவதற்குள் ஒன்று என்று கடிதங்களை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள்.

மன்றம் மூடப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மடிக்கணினியில் இறக்கினாள். இணையத்துக்கு வைத்திருந்த நெட் செட்டர் ஊர்ந்தது. மறுநாள் மன்றம் மூடிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் அவளுக்குப் பருவத் தேர்வுகள் தொடங்கின.

அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முகம் வாடியிருந்தது. படிப்பதும், பிறகு மடிக்கணினியைத் திறந்து எதையோ அடுக்குவதுமாக இருந்தாள். நான் பார்த்தது இவ்வளவுதான். மிச்சத்தை நானே நினைத்துக்கொண்டேன். விளையாட்டு போய்விடுமே என்ற துக்கத்தில் பிள்ளை உருகுகிறாள் என்று நினைத்தேன். மனு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனு ஒரு பக்கம் போகட்டும், விளையாட்டு அவளை விட்டுப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். விண்டோஸ் போட்டால் விளையாட்டு தொடர்ந்து ஓடும் என்று அவளே சொல்லியிருந்தாள் அல்லவா? காப்பி வேண்டாம், முறையாக, ரசீதோடு, அசல் வாங்கிப் போட்டுக் கொடுத்துவிடலாம். ஒரு நாள் காலை அவள் தேர்வுக்குப் போனதும் விடுப்பு போட்டுவிட்டு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அதே கடைக்காரர். என்னை நினைவு வைத்திருந்தார். "ஒரிஜினலே போட்டுக்கலாம் மேடம். பழசெல்லாம் அழிச்சிட்டு சுத்தமாப் போட்டாதான் நல்லா ஓடும். உள்ள முக்கியமானது எதுனா இருக்குதுங்களா?"

"வெறும் கேம்தாங்க இருக்கும். அழிச்சிடுங்க" என்றேன்.

பட்டா நகலைக் கொடுத்துவிட்டுப் போகிற பெரியவரிடம் மூன்று முறை கேட்பவள் நான்: அசலை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா, வேறு பிரதி இருக்கிறதா என்று. அன்று என்னிடம் ஒருமுறை கேட்டார்கள். ஒரே மூச்சில் பதில் சொன்னேன்.

மாலையில் மகள் வந்தபோது மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து, அதன் மேல் ரசீதையும் வைத்திருந்தேன். அவள் திரையைப் பார்த்தாள். நான் சந்தோஷத்தை எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பம்மா பண்ண?"

"மத்தியானம்."

"எல்லாத்தையும் அழிச்சிட்டாங்களா?"

"சுத்தமாப் போட்டாதான் ஓடும்னு சொன்னாருடி. ஒனக்குக் கேம் நின்னுடக் கூடாதுன்னுதான்…"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அதுலதாம்மா அறுபது பேரு லெட்டரும் இருந்துச்சு."

வேறு எங்காவது ஒரு பிரதி இருக்குமே என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பென்டிரைவே வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

அதோடு நிறுத்திக்கொண்டாள். கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மறுநாள் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். கோப்புகளின் பெயர்கள் சில கிடைத்தன, உள்ளே ஒன்றும் இல்லை. "லினக்ஸ்ல இருந்ததால இன்னும் கஷ்டம் மேடம். நம்மகிட்ட இருக்கற சாமானெல்லாம் விண்டோஸுக்குத்தான்" என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

கருத்து எழுதக் கடைசி நாளுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. அறுபது பேரையும் மன்றத்தில் வைத்துக்கொண்ட புனைபெயர்களால்தான் அவளுக்குத் தெரியும். மன்றம் மூடியபிறகு அவர்களை எங்கே தேடுவது? வேறு தளங்களில் எழுதிப் பார்த்தாள். நான்கு பேர் அகப்பட்டார்கள். இரண்டு பேர் மறுபடி எழுதி அனுப்பினார்கள். அந்தப் பள்ளி ஆசிரியர் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் அவள் என்னோடு பேசவில்லை. ஒரே வண்டியில்தான் போனோம். நான் மகளிர் பெட்டியில் ஏறினால் அவள் அடுத்த பெட்டியில் ஏறுவாள். விழுப்புரம் நடைமேடையில் எனக்கு முன்னால் அவள் பை போய்க்கொண்டிருக்கும். என் கணவர் இருவருக்கும் நடுவில் புகாமல், சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் ஒரு மனுவுக்கு எண் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. மனுதாரர் பெயர் என்ற கட்டத்தில் யார் பெயர் வர வேண்டும்? விளையாட்டை வாங்கியது நான். ரசீது என் மின்னஞ்சலில் இருக்கிறது. அழியாமல் மிஞ்சிய ஒரே ஆதாரம் அதுதான். அப்படியானால் நானே எழுதலாம்.

உடனே பயமும் வந்தது. அரசு ஊழியர், வேறொரு நாட்டின் ஆணையத்துக்கு எழுதலாமா? நடத்தை விதிகள் இடம் தருமா? எங்கள் கண்காணிப்பாளரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். எதைப் பற்றி என்றார். ஒரு கேம் பற்றி என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"கேமுக்கு ரூல் புக் பாக்கற மொத ஆளு நீங்கதான் மேடம். வாங்கின பொருளுக்கு கம்ப்ளெயின்ட் எழுதறீங்க. எவன் கேக்கப்போறான், எழுதுங்க."

அப்படியும் எனக்குத் தைரியம் வரவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாட்களை வீணாக்கினேன். கடைசி நாளுக்கு முந்திய மாலை, அலுவலக ஆங்கிலத்தில் கையால் எழுதிய ஒரு பக்கத்தை மகள் முன்னால் வைத்தேன். அவள் எடுத்துப் படித்தாள்.

"இன்னா இது, மிகவும் பணிந்து வேண்டிக்கொள்கிறேன்னு? அவங்க இன்னா கலெக்டரா?" எட்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மனுன்னா அப்படித்தான்டி எழுதணும்."

"காசு குடுத்து வாங்கின ஆளும்மா நீ. கெஞ்சாத."

பணிவை எல்லாம் அடித்தாள். கடைசிப் பத்தியில் நின்றாள். லினக்ஸில் விளையாடிய அறுபது பேரின் கடிதங்கள் என் மகளிடம் இருந்தன, என் தவறால் அவை அழிந்துவிட்டன என்று அதில் எழுதியிருந்தேன்.

"இது எதுக்கு?"

"நடந்தது அதான?"

அவள் பேனாவை அந்த வரிகளின் மேல் வைத்தாள். அடிக்கவில்லை. மறுநாள் கல்லூரிக் கணினியிலிருந்து அனுப்பினாள். இணைப்பு: ஒரு ரசீது, இரண்டு கடிதங்கள். அன்றே தானாக ஒரு பதில் வந்தது, ஒரு எண்ணோடு. அந்த எண்ணை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். மனுவுக்கு எண் விழுந்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று எனக்குத் தெரியும்.

சொன்ன நாளில் லினக்ஸில் அந்த விளையாட்டு நின்றது. நான் போட்டுக் கொடுத்த விண்டோஸில் அதன் புதிய பதிப்பு அந்த மடிக்கணினிக்குக் கனமாக இருந்து, திறந்து திறந்து நின்றது. மகள் அதையும் அழித்துவிட்டு மறுபடி லினக்ஸ் போட்டுக்கொண்டாள். என்னோடு ஒரே பெட்டியில் ஏறத் தொடங்கினாள். பேச்சும் பழையபடி வந்தது. எனக்குத்தான் பழையபடி ஆகவில்லை. அலுவலகத்தில் காலாவதியான கோப்புகளை அழிக்கும் பட்டியல் கையெழுத்துக்கு வந்தால், இன்றும் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். சக ஊழியர்கள் சிரிக்கிறார்கள்.

பல மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மகள் மடிக்கணினியோடு சமையலறைக்கு வந்தாள். ஆணையம் அந்தப் பெரிய வியாபாரத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நீண்ட அறிக்கை. அதில் எங்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. வேறு இயங்குதளம் பயன்படுத்தும் சிலர் கவலை தெரிவித்தார்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் போட்டியில் மாற்றம் எதுவும் வராது என்பது அதன் பொருள்.

"கொஞ்சம் பேர்னு போட்டிருக்காங்கம்மா" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். அத்தனை மாதங்களாகக் கேட்கப் பயந்ததை அப்போது கேட்டேன். அந்த அறுபது பேரும் கூட இருந்திருந்தால்?

அவள் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிப்பதுபோல் திரையைப் பார்த்தாள்.

"அறுபது பேரும் கொஞ்சந்தாம்மா. கோடிப் பேரு வெளயாடற எடத்துல அறுபது எந்த மூலைக்கு?"

கணினியை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அவள் சொன்னது கணக்குப்படி உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். எது என்று நான் இதுவரை கேட்கவில்லை.